துப்பும் சிரிப்பும் கலந்த பழைய படங்கள் யாருக்காவது தெரியுமா?

நண்பர்களே, ஒரு உதவி. 1934-ல் வந்த 'தி தின் மேன்' என்ற ஹாலிவுட் படம் பார்த்ததிலிருந்து அதே ருசியில் வேறு படம் தேடி அலைகிறேன். கொலைகாரன் யார் என்பதைவிட துப்பறியும் நிக், நோரா தம்பதியின் வாயாடல்தான் எனக்குப் பிடித்தது. கணவன் ஆறாவது மார்ட்டினியில் இருக்கிறான் என்று தெரிந்ததும், தனக்கும் இன்னும் ஐந்து கொண்டுவந்து வரிசையாக வைக்கச் சொல்வாளே நோரா, அந்த இடம்! (தலைப்பில் வரும் ஒல்லி ஆள் துப்பறிபவர் இல்லை, காணாமல் போனவர். எனக்கே லேட்டாகத்தான் புரிந்தது.)

இந்த வரிசையில் 1947 வரை வந்த ஆறு படமும் முடித்தாயிற்று. வழுக்கி விழுகிற காமெடி வேண்டாம். பேச்சிலேயே சிரிப்பு வரணும், மர்ம முடிச்சும் கெட்டியா இருக்கணும். 1950-க்கு முந்தையதா, சப்டைட்டிலோடு இருந்தால் சொல்லுங்க. அப்பாவும் கூட உட்கார்ந்து பார்ப்பார்.