லோரி பேப்பர்: 3 லட்சம் மேற்கோளும் ஒரு சண்டையும்

குழாயடி:
உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அதிகம் குறிப்பிட்ட) ஆய்வுக் கட்டுரை எது என்று கேட்டால் பலரும் வாட்சன், கிரிக்கின் 1953 டி.என்.ஏ. கட்டுரை என்கிறார்கள். இல்லை. ஆலிவர் லோரியும் இன்னும் மூன்று பேரும் 1951இல் எழுதிய புரத அளவீட்டுக் கட்டுரைதான். 2014இல் நேச்சர் இதழ் பட்டியல் போட்டபோதே 3 லட்சத்து 5 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த டி.என்.ஏ. இரட்டைச் சுருள் கட்டுரை முதல் நூறில்கூட இல்லை. என் கட்சி இதுதான்: யாருடைய வேலை அதிகம் பயன்பட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

வேப்பம்பூ:
பயன்பட்டது, சரி. பெரிய வேலை என்று ஆகிவிடுமா? அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லோரியே ஒப்புக்கொண்டவர் (உள்ளூரக் குஷி என்றும் சொன்னார், அதை மறைக்கவில்லை). அவருடைய நிஜமான சாதனை வேறு. ஒற்றை நரம்புச் செல்லைப் பிரித்தெடுத்து, குவார்ட்ஸ் இழைத் தராசில் நிறுத்து, அதற்குள் நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். செல்லின் பாரத்தில் இழை எவ்வளவு வளைகிறதோ அதுதான் எடை. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று. அந்தப் பட்டியலில் இரண்டாவது, லெம்லி 1970இல் எழுதியது. டி4 வைரஸின் தலை எப்படி உருவாகிறது என்பதுதான் விஷயம். ஊரே அதை மேற்கோள் காட்டுவது அதில் இருக்கும், புரதங்களைப் பிரிக்கும் ஜெல் முறைக்காக. வைரஸை யாரும் சீண்டுவதில்லை.

குழாயடி:
முறை என்றால் இளப்பமா? ஒரு நொதியின் வீரியத்தை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்றுதான் சொல்கிறோம். புரதத்தை அளக்காமல் அந்த எண் எங்கிருந்து வரும்? பட்டியலில் நான்காவது யார் என்றும் சொல்லுங்கள். சேங்கர், 1977, டி.என்.ஏ. வரிசை அறியும் முறை. 1980இல் நோபலும் கிடைத்தது. அங்கே மேற்கோளும் தகுதியும் ஒத்துத்தானே போகின்றன?

பழைய_பிப்பெட்:
இடையில் வருகிறேன். லோரி முறையைக் கையால் செய்தவன் நான். காரத்தில் கலந்த காப்பர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அப்புறம் ஃபோலின் (புரதத்தின் அளவுக்கேற்ப நீலம் தரும் வினைபொருள்). விட்ட கையோடு குலுக்க வேண்டும். அசந்தால் காரத்தில் அதுவே சிதைந்துவிடும், நீலம் வெளிறிப்போகும். இருபது குழாய், ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் பார்த்து விட வேண்டும். மாதிரியில் டிரிஸ் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கல் பொருள்) இருந்தால் தலைவலி தனி. 1976இல் பிராட்ஃபோர்டு முறை வந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது: சாயத்தை ஊற்றி, ஐந்து நிமிடத்தில் 595 நானோமீட்டர் ஒளியில் வைத்துப் படித்துவிடலாம்.

வேப்பம்பூ:
சேங்கர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜி.என். ராமச்சந்திரனைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ஆர்., ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம்: புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று காட்டுவது. இன்றும் ஒரு புரத அமைப்பைத் தீர்த்தால் அது சரிதானா என்று அதில்தான் சோதிக்கிறார்கள். மேற்கோள் யாருக்குப் போகிறது? படத்தை வரைந்து தரும் மென்பொருளுக்கு. ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயர் அப்படியே ஊறிப்போய்விட்டதால் கட்டுரையை யாரும் தேடுவதில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுப்பது?

குழாயடி:
பதவி உயர்வு பற்றி நான் பேசவே இல்லையே. அதுவும் மேற்கோள் காட்டுபவர்களின் சோம்பல், கணக்கின் குற்றமில்லை. மூலத்தைத் தேடிப் போட்டால் ஜி.என்.ஆர். கணக்கும் ஏறும்.

மூன்றாம்_ஆண்டு:
அக்கா, சார், ஒரு சந்தேகம். ஆய்வேட்டில் புரத அளவீட்டுக்கு எதைப் போடுவது? நான் செய்தது பிராட்ஃபோர்டு. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் சீனியர்கள் வழிவழியாக நகலெடுத்து வரும் செய்முறைப் பக்கத்தில் லோரி 1951 என்று இருக்கிறது. நானும் அப்படியே ஒட்டிவிட்டேன்.

வேப்பம்பூ:
குழாயடி சார், உங்கள் 3 லட்சத்தில் இப்படி எத்தனை?

குழாயடி:
தம்பி, முதலில் அந்த வரியை மாற்று.

பழைய_பிப்பெட்:
அந்தச் சீனியர்களில் நான் இல்லை என்று நம்புகிறேன்.