ஓடும்போது வயிறு கலக்குகிறது, என்ன மாத்திரை போடலாம்? (அவசரம்)

தூண்பாறை_ஓடி · ஞாயிறு, காலை 9:50
வணக்கம். கொடைக்கானலில்தான் ஓடுகிறேன். கொஞ்ச காலமாகவே இந்தத் தொல்லை. நீண்ட ஓட்டத்தில் பாதி தாண்டியதும் வயிறு கடமுடா என்கிறது. அடுத்த ஒரு கிலோமீட்டருக்குள் ஒதுங்கியே ஆக வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். கட்டணக் கழிப்பறை அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. புதர்ப் பக்கம் போகலாம் என்றால் அங்கே காட்டுமாடு ஒன்று நின்று என்னையே பார்க்கிறது. ஜனவரியில் சென்னையில் 42 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்துப் பணமும் கட்டியாச்சு. ஓடுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ள நல்ல மாத்திரை சொல்லுங்கள். சாப்பாடெல்லாம் நார்மல்தான்.

பண்ணைக்காட்டுக்காரி · 10:05
நார்மல் என்றால் என்ன தம்பி? எங்கள் வீட்டில் காலையிலேயே பூண்டுக் குழம்பு நார்மல். முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், காலையில் எழுந்ததும் என்ன, ஓடுவதற்கு எவ்வளவு நேரம் முன்னால்? இதெல்லாம் சொன்னால்தானே.

ஃபில்டர்காபி · 10:11
காபிதான். யோசிக்கவே வேண்டாம். காபி குடலைத் தட்டி எழுப்பும். நான் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வேலை முடிந்த பிறகுதான் ஷூவையே மாட்டுவேன்.

வட்டக்கானல் · 10:20
எந்தப் பாதையில் ஓடுகிறீர்கள்? ஏரியை மட்டும் சுற்றுகிறீர்களா, மேலே ஏறுகிறீர்களா? வழியில் ஊற்றுத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் உண்டா?

பழைய_ஓட்டக்காரர் · 10:34
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. இதே கேள்விக்கு நான் பல தடவை பதில் எழுதியிருக்கிறேன். நாங்கள் ஓடிய காலத்தில் ஓடும்போது உறிஞ்சுகிற சர்க்கரை ஜெல்லும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. காலையில் ஒரு சொம்பு நீராகாரம், இரண்டு சின்ன வெங்காயம், அவ்வளவுதான். ஒருவருக்கும் வயிறு கலங்கியதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு உடம்பில் வலு இல்லை, பையில் மட்டும் பொட்டலம் பொட்டலமாக இருக்கிறது.

மூஞ்சிக்கல்42 · 10:41
அண்ணே, நீங்கள் அந்தக் காலத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள்?

பழைய_ஓட்டக்காரர் · 10:58
பள்ளியில் 1,500 மீட்டர். மாவட்ட அளவில்.

மூஞ்சிக்கல்42 · 11:00
சரி அண்ணே. ஐந்து நிமிஷத்தில் முடிகிற ஓட்டத்தில் யாருக்குத்தான் வயிறு கலங்கும்?

தூண்பாறை_ஓடி · பிற்பகல் 1:15
ஏரி ஒரு சுற்று, அது 5 கி.மீ. அப்புறம் அப்சர்வேட்டரி பக்கமாக ஏறி, தூண் பாறை வரை போய்த் திரும்புவேன். தொல்லை எப்போதும் இறக்கத்தில்தான் ஆரம்பம். ஊற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டில் காய்ச்சிய தண்ணீர்தான். ராத்திரி சப்பாத்தி, பட்டாணி குருமா. காலையில் காபி. வீட்டுக்குப் பின்னால் பேரி மரம் காய்த்துக் கொட்டுகிறது, கிளம்பும்போது இரண்டு கடித்துக்கொண்டு போவேன், அது சும்மா பழம்தான். நடுவில் ஜெல் ஒன்றிரண்டு. முழங்காலுக்கு ஒரு வலி மாத்திரை, அதுவும் ரொம்ப நாளாகப் போடுவதுதான், அதனால் ஒன்றும் ஆனதில்லை. எந்த மாத்திரை என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே?

வட்டக்கானல் · 1:32
காய்ச்சிய தண்ணீர் என்று நம்பிவிடாதீர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிருமி சாகாது. என் பந்தயம் தண்ணீர்தான்.

அப்சர்வேட்டரி_ரோடு · 1:40
93 டிகிரியில் சோறுதான் வேகத் தாமதமாகும், அதனால்தான் இங்கே எல்லார் வீட்டிலும் குக்கர். கிருமிக்கு 93 தாராளம். கீழே ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் விடச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அது போக, தண்ணீர்தான் காரணம் என்றால் திங்கள்கிழமை ஆபீஸிலும் கலக்க வேண்டுமே? இவருக்கு ஓட்டத்தில் மட்டும்தானே வருகிறது?

ஃபில்டர்காபி · 1:44
நான் சொன்னேன் அல்லவா, காபி இருக்கிறது பாருங்கள்.

நர்ஸக்கா · மாலை 5:20
ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி. மலத்தில் ரத்தமோ தார் மாதிரிக் கறுப்போ உண்டா? காய்ச்சல்? எடை குறைகிறதா? ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டி வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இங்கே உட்கார்ந்து பேச வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், அதையும் சொல்லுங்கள்.

தூண்பாறை_ஓடி · 5:31
எதுவும் இல்லை அக்கா. இரும்பு மாத்திரையும் இல்லை. ஓடாத நாளில் வயிறு கல் மாதிரி.

நர்ஸக்கா · 6:10
நல்லது. அப்படியானால் ‘சும்மா பழம்தான்’, ‘ஒன்றும் ஆனதில்லை’ என்று நீங்கள் தள்ளிவிட்ட இரண்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

மாத்திரை என்ன வகை என்று அட்டையைப் பாருங்கள். ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று இருந்தால் ஓட்டத்துக்கு முன்னால் அது வேண்டவே வேண்டாம். ஓடும்போது உடம்பு ரத்தத்தைக் காலுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போகிற பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலைமையில் குடலின் உள்பூச்சு ஏற்கெனவே நொந்திருக்கும். இந்த வகை மாத்திரை அதை இன்னும் கசிய வைக்கும். வியர்த்து நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கும் ஆகாது. முழங்காலைத் தனியாகக் காட்டுங்கள், மறைத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

பேரிக்காய்க்கு வருகிறேன். அதில் ஃப்ரக்டோஸ் சர்க்கரை குளுக்கோஸைவிட அதிகம், சார்பிட்டால் என்கிற இன்னொரு இனிப்புப் பொருளும் உண்டு. ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே பெருங்குடலுக்குப் போகும், தண்ணீரை இழுக்கும், அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கள் அதை வயிற்றில் போட்டுக்கொண்டு தூண் பாறையிலிருந்து குலுக்கிக் குலுக்கி இறங்குகிறீர்கள். ராத்திரி சாப்பிட்ட பட்டாணியும் கோதுமையும் அதே வேலையைத்தான் செய்யும்.

நீங்கள் கேட்ட மாத்திரை, லோபரமைட் என்று நினைக்கிறேன், குடலின் அசைவை அடக்குமே தவிர காரணத்தைத் தொடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. ஓட்டத்துக்கு ஓட்டம் அதை விழுங்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

மூஞ்சிக்கல்42 · 6:30
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெல்லை எதோடு குடிக்கிறீர்கள்? இங்கே குளிரில் தாகம் எடுக்காது, நாம் தண்ணீரே குடிக்க மாட்டோம். ஒரு பொட்டலத்தில் 20, 25 கிராம் சர்க்கரைச் சத்து இருக்கும். தண்ணீர் இல்லாமல் அது கெட்டிப் பாகு. குடலே தண்ணீரைச் சுரந்து அதைக் கரைக்கப் பார்க்கும், கலக்கல் அங்கேதான் ஆரம்பம். எலக்ட்ரால் பவுடர் கலந்த தண்ணீரிலேயே ஜெல்லையும் தள்ளினால் இன்னும் கெட்டி. ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்தான்.

அப்புறம் குடலையும் பழக்க வேண்டும். காலைப் பழக்குகிறோம், வயிற்றை யாரும் பழக்குவதில்லை. மணிக்கு 30 கிராமில் ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி 60 வரை போகலாம். குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராமுக்கு மேல் குடல் ஏற்காது. ஃப்ரக்டோஸ் அளவாகக் கலந்தால் அது வேறு வழியில் உள்ளே போகும், 90 வரை தாங்குகிறவர்கள் உண்டு. 42 ஓடுகிற முதல் ஆளுக்கு அது தேவையில்லை.

பெருமாள்மலை · 7:02
ஜெல் எதற்குக் காசு கொடுத்து? பழனி பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கி, சின்னச் சின்னப் பையில் அடைத்துக்கொண்டு ஓடுங்கள். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, எல்லாம் சத்து. தண்ணீர் ஒரு சொட்டுச் சேராததால் கெடாது. நான் அதில்தான் ஓடுகிறேன். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு.

மூஞ்சிக்கல்42 · 7:10
நெய்யை விட்டுவிட்டீர்களே அண்ணே. கொழுப்பு இரைப்பையை விட்டு நகர நேரம் எடுக்கும். தேனில் ஃப்ரக்டோஸ் வேறு தூக்கல். உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சரி, ஏற்கெனவே கலங்கிய வயிற்றுக்கு இதைச் சொல்லாதீர்கள்.

பெருமாள்மலை · 7:14
பிரசாதம் யாருக்கும் கெடுதல் செய்யாது.

பண்ணைக்காட்டுக்காரி · 7:25
பிரசாதத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் டப்பாவில் இருப்பதெல்லாம் விருப்பாட்சி மலைவாழை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் தோட்டக்காரி, சொல்கிறேன். முடிக்கொத்து நோய் வந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் அழிந்த கதை பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அசுவினி பரப்புகிற வைரஸ், வந்த மரத்தை வேரோடு எடுப்பதைத் தவிர வழி கிடையாது. அதற்கப்புறம் நோயில்லாத கன்று கொண்டுவந்துதான் மீண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

பெருமாள்மலை · 7:31
பழனிக் கடைகளில் தொங்குவது என்ன பிறகு?

பண்ணைக்காட்டுக்காரி · 7:38
தோலைப் பாருங்கள். நிஜ மலைவாழை பழுத்தால் தோல் கறுத்துச் சுருங்கும், ஆனாலும் உள்ளே அழுகாது, சதை கெட்டியாக, ஈரம் குறைவாக இருக்கும். பஞ்சாமிர்தத்துக்கு அதைத் தேடுவதே அதனால்தான். மஞ்சளாகப் பளபளவென்று தொங்கினால் அது வேறு பழம்.

ஃபில்டர்காபி · 7:45
கிலோ என்ன விலை இப்போது?

அப்சர்வேட்டரி_ரோடு · 7:50
ஐயா, இது வயிற்று இழை. வாழைக்குத் தனி இழை போடுங்கள்.

பழைய_ஓட்டக்காரர் · 8:15
நான் சொன்ன நீராகாரத்தை ஒருவரும் மதிக்கவில்லை. மதிப்பது எல்லாம் பொட்டலத்துக்குத்தான். உலகச் சாம்பியன்களுக்கு இந்த வம்பு வருகிறதா?

மூஞ்சிக்கல்42 · 8:22
வராமல் என்ன. 2005 லண்டன் மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் ஓட்டத்தின் நடுவே சாலையோரமாக ஒதுங்கி வயிற்றுக் கடனை முடித்துவிட்டு ஓடினார். டிவி நேரலையில். முடித்த நேரம் 2 மணி 17 நிமிடம் 42 வினாடி, முதலிடம். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 50 கி.மீ. நடைப்போட்டியில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த யோஹான் டினிஸ் வயிறு படுத்திய பாட்டில் கீழேயே விழுந்தார், எழுந்து போய் எட்டாவதாக முடித்தார். உடம்பில் வலு இல்லாதவர்களா இவர்கள்?

பழைய_ஓட்டக்காரர் · 8:40
வெளிநாட்டுக்காரர் கதை நமக்கு வேண்டாம்.

நர்ஸக்கா · 9:05
நீராகாரத்தில் தப்பில்லை, உப்புப் போட்டால் நல்லதுதான். ஆனால் பச்சை வெங்காயம் வேண்டாம், அதுவும் வாயு. தம்பி, அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் பட்டாணி, முட்டைக்கோஸ், பூண்டு எல்லாவற்றுக்கும் விடுமுறை கொடுங்கள். வெள்ளைச் சோறு, ரசம் கொஞ்சம், இட்லி போதும். காலையில் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுங்கள், பொடியும் எண்ணெயும் வேண்டாம். காபியை உடனே விடச் சொல்லவில்லை. முன்கூட்டியே குடித்துவிட்டு, போய்விட்டு வந்து கிளம்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாதுதான். ஆனால் அந்த வலி மாத்திரைக்கு மட்டும் சோதனையே வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஃபில்டர்காபி · 9:09
காபி விஷயத்தில் அக்கா என் கட்சி.

பண்ணைக்காட்டுக்காரி · புதன், காலை 7:30
தம்பி, என்ன ஆயிற்று? ஆளையே காணோம்.

அப்சர்வேட்டரி_ரோடு · 7:41
மாத்திரை பெயர் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போயிருப்பார்.

தூண்பாறை_ஓடி · வேறொரு ஞாயிறு, காலை 11:20
மன்னிக்கவும், வேலை. அட்டையைப் பார்த்தேன், ஐப்யூபுரோஃபென்தான். விட்டாச்சு. மரத்தில் பேரிக்காயும் தீர்ந்துவிட்டது, அதனால் நான் நிறுத்தினேனா அதுவாக நின்றதா என்று தெரியாது. ஜெல்லுக்குத் தண்ணீர் குடிக்கிறேன். இன்று தூண் பாறை போய் வந்தேன், ஒதுங்கவில்லை. இறக்கத்தில் லேசாக உருட்டியது, அவ்வளவுதான். முழங்கால் நன்றாகவே வலிக்கிறது, அதற்கு டாக்டரைப் பார்க்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

மூஞ்சிக்கல்42 · 11:34
நல்ல சேதி. ஆனால் சென்னை இந்தக் குளிர் இல்லை. ஜனவரியிலும் கடற்கரையோரம் புழுக்கம் இருக்கும். சூட்டில் தோலுக்கு இன்னும் ரத்தம் போகும், குடலுக்கு இன்னும் குறையும். இங்கே தாங்கிய ஜெல் அங்கே தாங்காமல் போகலாம். நடுவில் ஓரிரு ஞாயிறு வத்தலக்குண்டுக்கு இறங்கி, வெயில் ஏறிய பிறகு இதே சாப்பாடு, இதே ஜெல்லோடு ஓடிப் பாருங்கள்.

தூண்பாறை_ஓடி · 11:40
காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?

பெருமாள்மலை · 11:52
பஸ் வேண்டாம், அடுத்த வாரம் நான் ஜீப்பில் காய் இறக்கப் போகிறேன். மூன்று பேர் உட்காரலாம். நாலரைக்கு மூஞ்சிக்கல் முக்கில் நில்லுங்கள். பஞ்சாமிர்தம் என் பொறுப்பு.

நர்ஸக்கா · 12:03
அவருக்கு அதைக் கொடுக்காதீர்கள் அண்ணே.