நெட் இல்லாமல் ஜிபிஎஸ் புள்ளியிலிருந்து நேர மண்டலம்: பைத்தான் லைப்ரரியை எப்படிப் பேக்கேஜ் செய்வது?

பனையோலை (கேள்வி)

அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் ‘ஆசியா/கொல்கத்தா’ போன்ற மண்டலப் பெயரைத் தரும் சின்ன பைத்தான் லைப்ரரி இது. நெட் இணைப்பே இல்லாத கருவிகளில் ஓட வேண்டும். எல்லைகள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து ‘டைம்ஸோன் பவுண்டரி பில்டர்’ திட்டம் தயாரிக்கும் ஜியோஜேசன் (வரைபட வடிவங்களை எழுத்தாக வைக்கும் ஃபைல்). புள்ளி பலகோணத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி மட்டும் சி மொழியில்.

மூன்று இடத்தில் முட்டுகிறது:

1. சோர்ஸ் ஃபோல்டரில் ஓடுகிறது. வீலாக (இன்ஸ்டால் செய்யத் தயாரான பேக்கேஜ் ஃபைல்) கட்டி வேறு மெஷினில் போட்டால் டேட்டா ஃபைல் இல்லை என்று விழுகிறது.
2. ஜியோஜேசனை அப்படியே வைத்ததால் வீல் மிகப் பெரிதாகிவிட்டது. கோடை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையே திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது.
3. டேட்டாவை மட்டும் தனி பேக்கேஜாக்கிப் பார்த்தேன். முதலில் 2025.1 என்று ஏற்றினேன், அடுத்து மூலத் திட்டத்தின் பெயரையே வைத்து ‘2025பி’. பேக்கேஜ் இறக்கும் கருவியான பிப் இன்னமும் 2025.1-ஐத்தான் இறக்குகிறது.

கரிசல்

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அதுதான் வேடிக்கை. பைத்தான் பதிப்பு விதியில் எண்ணுக்குப் பின் வரும் ‘பி’ என்றால் பீட்டா. உங்கள் பதிப்பை பிப் ‘2025-இன் பீட்டா 0’ என்று படிக்கிறது. அது வரிசையில் 2025-க்கே முந்தியது, 2025.1-க்குக் கேட்கவே வேண்டாம். ‘ஏ’ ஆல்ஃபா ஆகும், ‘சி’ ரிலீஸ் கேண்டிடேட் ஆகும், ‘டி’ வந்தால் செல்லாத பதிப்பு என்று பிழை. பைத்தான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபிஐயில் இருக்கும் டிஇசட்டேட்டா (நேர மண்டல விதிகளின் தொகுப்பு) பேக்கேஜ் இதனால்தான் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்கிறது: ஏ என்றால் .1, பி என்றால் .2. நீங்களும் 2025.2 என்று போடுங்கள். டெபியன் லினக்ஸின் பேக்கேஜ்களில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே எழுத்து எழுத்தாகவே வரிசைப்படும்.

முதல் கேள்விக்கு: வீலைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் பைத்தான் ஃபைல்களைத் தானாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றை நீங்கள் சொன்னால்தான் எடுக்கும். ‘பைபிராஜெக்ட்’ ஃபைலில் பேக்கேஜ்-டேட்டா பகுதியில் உங்கள் டேட்டா ஃபைலின் பெயர் வடிவத்தைக் குறிப்பிடுங்கள். கட்டிய வீல் வெறும் ஜிப்தான். பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல் உள்ளே ஃபைலின் அளவையும் பாருங்கள். கிட் எல்எஃப்எஸ்ஸில் (பெரிய ஃபைல்களை ரெப்போவுக்கு வெளியே தனியாக வைக்கும் முறை) டேட்டா வைத்திருந்தால், அதை இழுக்காத பில்ட் மெஷினில் உண்மையான டேட்டாவுக்குப் பதில் சில வரிச் சுட்டி ஃபைல் உட்கார்ந்திருக்கும். பெயர் சரியாக இருப்பதால் யாருக்கும் தெரியாது.

கோடில் ஃபைலைத் திறக்க, ஓடும் ஃபோல்டரை நம்பிப் பாதை எழுதாதீர்கள். இம்போர்ட்லிப் ரிசோர்ஸஸில் ‘ஃபைல்ஸ்’ இருக்கிறது, 3.9 முதல் கிடைக்கும். சோதனையைப் புது வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில், ரெப்போவுக்கு வெளியே நின்று ஓட்டுங்கள். உள்ளே நின்றால் இன்ஸ்டால் ஆனதை விட்டுவிட்டு பக்கத்தில் இருக்கும் சோர்ஸையே பைத்தான் இம்போர்ட் செய்யும். ‘என் மெஷினில் ஓடுதே’ என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அலைவரிசை

அளவு பற்றி. பைபிஐயில் ஒரு ஃபைலுக்கு வழக்கமான வரம்பு 100 எம்பி, ஒரு புராஜெக்டுக்கு மொத்தம் 10 ஜிபி. சி பகுதி இருப்பதால் தளத்துக்கு ஒன்று, பைத்தான் பதிப்புக்கு ஒன்று என வீல் பெருகும். 5 தளம் × 5 பதிப்பு = 25. ஒவ்வொன்றிலும் 40 எம்பி டேட்டா இருந்தால் ஒரு ரிலீஸுக்கு 1 ஜிபி, பத்தாவது ரிலீஸில் கதவு மூடிவிடும். டேட்டாவைத் தனி பேக்கேஜாக்கியது சரியான முடிவு. அது எந்த மெஷினுக்கும் பொதுவான ஒரே வீல். சி பகுதியை நிலையான ஏபிஐயில் (ஒரே கட்டு பல பைத்தான் பதிப்புகளில் ஓடும்) கட்டினால் 25 என்பது 5 ஆகும்.

ஜியோஜேசன் வடிவத்தையே அனுப்பாதீர்கள். டிகிரியை 10^7-ஆல் பெருக்கி 32 பிட் முழு எண்ணாக வையுங்கள். 180 டிகிரி 180 கோடி ஆகும், வரம்பு 214 கோடிச் சொச்சம், எனவே பொருந்தும். துல்லியம் நிலநடுக்கோட்டில் சுமார் 1.1 செ.மீ. ஆனால் கணக்கை 32 பிட்டில் போடாதீர்கள். இரண்டு தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 360 கோடி வரை போகும், அங்கேயே வழிந்துவிடும். 64 பிட்டுக்கு மாற்றிய பிறகு கழியுங்கள். அட்சரேகை வித்தியாசம் × தீர்க்கரேகை வித்தியாசம் அதிகபட்சம் 6.5 × 10^18, இது 64 பிட்டில் அடங்கும். அப்படிக் கிடைக்கும் இரண்டு பெருக்குத்தொகைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் மறுபடி வழியலாம். கழிக்காமல் எது பெரிது என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

வேகத்துக்கு 1 டிகிரி கட்டம் போடுங்கள். 360 × 180 = 64,800 கட்டம், கட்டத்துக்கு 2 பைட், மொத்தம் சுமார் 130 கேபி. கட்டம் முழுக்க ஒரே மண்டலமானால் பலகோணத்தைத் தொடவே வேண்டாம். மண்டலங்கள் 400-க்கு மேல் என்பதால் 1 பைட் போதாது.

அளவைக் குறைக்க எல்லைக் கோட்டை எளிமையாக்கத் தோன்றும். ஒவ்வொரு பலகோணத்தையும் தனித்தனியாக எளிமையாக்கினால் பொது எல்லையில் இடைவெளியும் மேற்படிவும் வரும். மேப்ஷேப்பர் என்ற வரைபடக் கருவி பொது எல்லையை ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும், அதைப் பயன்படுத்துங்கள்.

பனையோலை

பதிப்பு எண்ணை மாற்றியதும் இறங்கிவிட்டது. நன்றி. இன்னொரு சந்தேகம்: மூலத் திட்டத்தில் முழுத் தொகுப்பு, ‘1970’, ‘இப்போது’ என்று மூன்று வகை இருக்கின்றன. ‘இப்போது’ சிறியதாக இருப்பதால் அதை எடுக்கலாமா?

தாழம்பூ

இன்றைய நேரம் மட்டும் போதுமென்றால் எடுக்கலாம். பழைய பதிவுகளைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் கூடாது. ‘இப்போது’ வகையில் இனிமேல் ஒரே மாதிரி ஓடும் மண்டலங்கள் ஒன்றாகிவிடும். கொழும்பில் இருக்கும் புள்ளிக்கும் ஆசியா/கொல்கத்தா என்றே வரும். இன்றைக்கு இரண்டும் +5:30. ஆனால் இலங்கை 1996 மே மாதம் +6:30-க்குப் போய், அதே ஆண்டு அக்டோபரில் +6-க்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் +5:30-க்குத் திரும்பியது. 2003-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பதிவு அரை மணி நேரம் பிசகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ‘1970’ வகையில் கொழும்பு தனியாகவே இருக்கும்.

உங்கள் டேட்டா பெயரை மட்டும்தான் தருகிறது, விதி மெஷினின் டிஇசட்டேட்டாவில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பா/கீவ் பெயரின் புது எழுத்துக்கூட்டல் 2022பி-யில் வந்தது, அமெரிக்கா/சியுடாட் ஹுவாரெஸ் 2022ஜி-யில், அமெரிக்கா/கொய்ஹாய்க்கே 2025பி-யில். நெட் பார்க்காத கருவியில் பழைய தொகுப்பு இருந்தால் பைத்தானின் நேர மண்டல மாட்யூலான ஸோன்இன்ஃபோ அந்தப் பெயரைக் கண்டுபிடிக்காமல் விழும். பைபிஐ டிஇசட்டேட்டாவைச் சார்பாகச் சேருங்கள். விண்டோஸில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. லினக்ஸில் பைத்தான் முதலில் சிஸ்டத்தில் தேடும், அங்கே அந்தப் பெயர் இல்லாவிட்டால்தான் பேக்கேஜுக்கு வரும். ஆகவே புதுப் பெயர் கிடைக்கும், ஆனால் பழைய பெயருக்குச் சிஸ்டத்தின் பழைய விதியே ஓடும். சோதனையில், சிஸ்டத்தில் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பைத்தான்டிஇசட்பாத் மாறியைக் காலியாக வைத்து, டேட்டாவில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

சோதனைப் புள்ளிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று தஹகிராம்–அங்கர்போதா, இந்திய நிலம் சூழ்ந்த வங்கதேசத் துண்டு. பலகோண ஓட்டைகளைச் சரியாகக் கையாளாத கோட் அங்கே ஆசியா/டாக்காவுக்குப் பதில் கொல்கத்தா என்று சொல்லும். இன்னொன்று சென்னையைத் திருப்பிப் போடுவது. ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில். 13.08, 80.27 இடம் மாறினால் ஸ்வால்பார்டுக்குப் பக்கத்தில் போய் விழும். 80.27 செல்லுபடியாகும் அட்சரேகைதான் என்பதால் வரம்புச் சோதனை பிடிக்காது. இந்தியாவில் 90 டிகிரிக்குக் கிழக்கே, குவாஹாத்தி போன்ற இடத்தில்தான் அது கத்தும். இரண்டு ஆர்குமென்ட்டையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்.

கரிசல்

லைசென்ஸை மறந்துவிடாதீர்கள். கோட் எம்ஐடியாக இருக்கலாம், டேட்டா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழி வருவதால் ஓடிபிஎல் (திறந்த தரவுத்தள லைசென்ஸ்). நீங்கள் உருமாற்றிய பைனரியும் அதிலிருந்து பிறந்த தரவுத்தளம்தான். டேட்டா வீலுக்குள் தனி லைசென்ஸ் ஃபைலும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற குறிப்பும் வேண்டும்.




பனையோலை

‘1970’ வகைக்கு மாறுகிறேன். தஹகிராமில் இப்போது கொல்கத்தா என்றுதான் வருகிறது. ஓட்டையைப் படிக்கும் இடத்தில் முதல் வளையத்தோடு (வெளி எல்லை) நிறுத்தியிருக்கிறேன்.