புளியரைத் தம்பிக்கு: சி.பி. குழந்தையோடு இங்கிலாந்தில் முதல் மாதங்கள்

தம்பி, நீங்கள் புளியரை, நான் செங்கோட்டை. நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான். மனைவிக்கு நர்ஸ் வேலை, மூன்று வயதுப் பையனுக்குப் பெருமூளை வாதம் (சி.பி.), இங்கிலாந்து வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஏழு வருடத்துக்கு முன் நாங்களும் இப்படித்தான் வந்து இறங்கினோம். என் மகளுக்கு அப்போது நாலு வயது.

ஜிபியிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். பதிந்த கையோடு குழந்தைகள் நல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். காத்திருப்பு நீளும், அதனால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். வலிப்பு மருந்துக்கு ஊரில் போட்ட பிராண்ட் பெயர் இங்கே பலருக்குப் புரியாது. மருந்தின் மூலப்பெயரையும், சிரப் என்றால் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழே மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது.

இனி முக்கியமானது, பிரசவக் காகிதங்கள். என் அம்மா வீடு ஆரியங்காவு தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். பிரசவமும் அங்கேதான். இரண்டு நாள் வலி, கடைசியில் வாக்குவம் வைத்து இழுத்தார்கள். பிள்ளை அழவில்லை. மறுநாள் ஃபிட்ஸ். பதினெட்டு நாள் என்.ஐ.சி.யு. என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கெல்லாம் சேர்த்து இரண்டே வரி. அதை எதற்குச் சுமப்பது என்று ஊரிலேயே போட்டுவிட்டு வந்தோம்.

இங்கே முதல் டாக்டர் கேட்டதெல்லாம் அதைத்தான். எத்தனையாவது வாரம், எடை எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் மூச்சு வந்தது, ஃபிட்ஸ் எத்தனை நாள், உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுத்தார்களா? அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைக்கு ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, உடல் வெப்பத்தை 33, 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருப்பார்களாம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அடுத்த தடவை அவரே சொன்னார்: சி.பி. எல்லாமே பிரசவத்தில் வருவதில்லை, பல குழந்தைகளுக்கு வயிற்றில் இருக்கும்போதே மூளையில் பாதிப்பு நடந்திருக்கும். குறைமாதம், கடுமையான மஞ்சள் காமாலை என்று வேறு காரணங்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. படம் இருந்தால் ஓரளவு சொல்லலாம் என்றார். அந்த சிடியும் ஊரில்தான் கிடந்தது.

உங்கள் பையனுக்கு மூன்று வயது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி மருத்துவர்கள் உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். போனில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு மாமனாரை நேரில் அனுப்புங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் தெரபி போயிருந்தால் அங்கேயும் ஒரு ரிப்போர்ட் வாங்கச் சொல்லுங்கள். என்னென்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று அதில் இருந்தால் இங்குள்ள பிசியோவுக்குப் பாதி வேலை மிச்சம். நாங்கள் வாரம் மூன்று நாள் போனோம். 1975இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய இடம் அது. அங்கே போனால் நம் பிள்ளையை யாரும் வெறித்துப் பார்ப்பதில்லை. அது ஒன்றுக்காகவே போகலாம்.

அப்புறம், நான் செய்த பெரிய தப்பு. மகளைப் பார்த்து அறிக்கை எழுத வந்த ஒரு பெண்மணி, "தானாகச் சாப்பிடுவாளா?" என்று கேட்டார். "சாப்பிடுவாள்" என்றேன். நடந்தது என்ன? ஸ்பூன் அவள் கையில், அவள் முழங்கை என் கையில், ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம். ரசம் குடித்தால் புரை ஏறும், அதையும் சொல்லவில்லை. வெளியாள் முன்னால் பிள்ளையின் குறையைச் சொல்ல நமக்கு வாய் வராது. அந்த அறிக்கையில் "உணவில் உதவி தேவையில்லை" என்று ஏறிவிட்டது. அதைத் திருத்த எட்டு மாதம் ஆனது. தண்ணீராக இருப்பதைக் குடிக்கும்போது புரை ஏறினால் கட்டாயம் சொல்லுங்கள், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதைப் பார்ப்பது இங்கே பேச்சுத் தெரபிஸ்ட்தான். பேச்சுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மோசமான நாள் எப்படி இருக்குமோ அதையே சொல்லுங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

பள்ளிக்கு இ.எச்.சி. பிளான் என்று ஒன்று உண்டு, பிள்ளைக்கு என்னென்ன சிறப்பு உதவி வேண்டும் என்று எழுதித் தரும் திட்டம். பள்ளி சேரும்வரை பொறுக்க வேண்டாம், பெற்றோரே கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அலுவலகம்) எழுதலாம். மதிப்பீடு செய்வதா என்று ஆறு வாரத்திலும், மொத்தமாக இருபது வாரத்திலும் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், நாள்காட்டியில் குறித்து வைத்து நச்சரியுங்கள். முடியாது என்று சொன்னால் மேல்முறையீடு உண்டு.

பண விஷயத்தில் கவனம். டி.எல்.ஏ. என்ற, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகையை யாராவது வாங்கச் சொல்வார்கள். உங்கள் விசாவில் பொது நிதி (அரசு உதவிப் பணம்) கூடாது என்று இருந்தால் அது அந்தப் பட்டியலில் வரும், தொடாதீர்கள். அரசுப் பள்ளியும், என்.எச்.எஸ். சிகிச்சையும், இ.எச்.சி. பிளானும் அதில் வராது; தாராளமாகக் கேளுங்கள். ஊரில் வாங்கிய யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இங்கே மதிப்பில்லை, பத்திரமாக மட்டும் வையுங்கள்.

இடுப்பு எக்ஸ்ரே எப்போது என்று நீங்களாகவே கேளுங்கள். மூளைப் பாதிப்பு அதிகமாகாது, ஆனால் வளர வளரத் தசை இறுகி இடுப்பு மூட்டு நழுவலாம். வலிக்கும்வரை வெளியே தெரியாது.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் தமிழே பேசுங்கள், இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. மகள் படத்தைத் தொட்டு வேண்டியதைக் கேட்கும் படப் பலகைக்கு வார்த்தை கேட்டபோது நான் "தண்ணி" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தப் படத்தைத் தொடவே இல்லை. புனலூர்ப் பக்கத்து ஆச்சி வளர்த்த பிள்ளை, அவளுக்கு அது மலையாளத்தில் சொல்வதுபோல "வெள்ளம்". பலகையில் அதைப் பதிந்ததும் அன்றைக்கே ஏழு தடவை கேட்டாள். உங்கள் வீட்டிலும் மலையாளம் கலந்த வார்த்தைகள் இருக்கும். இப்போதே ஒரு தாளில் எழுத ஆரம்பியுங்கள்.