38 கிலோ எடையுள்ள நாயைத் தத்தெடுக்கும் முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

கேள்வி
தெருவிலிருந்து மீட்கப்பட்டு, தன்னார்வக் குடும்பமொன்றின் தற்காலிகப் பராமரிப்பில் ஐந்து மாதமாக இருந்துவரும், நான்கு வயது மதிக்கத்தக்க கலப்பின ஆண் நாயைத் தத்தெடுக்க எண்ணியிருக்கிறோம். இருமுறை சென்று பார்த்தோம். இருமுறையும் என் மடியில் தலைவைத்து அமைதியாகப் படுத்திருந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது வயது மகளும், வயதான சிறிய பெண் நாயும் இருக்கிறார்கள். பெரிய நாயை வளர்த்த அனுபவம் இல்லாததால், முடிவெடுக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1
"குணம் எப்படி?" என்று கேட்டால் "தங்கமான நாய்" என்றே பதில் வரும், அது பொய்யல்ல, ஆனால் உங்களுக்குப் பயன்படாது. அழைப்புமணி அடித்தபோது என்ன செய்தது, அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தனியாக இருந்திருக்கிறது, எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கையில் அருகே சென்றவரைப் பார்த்து உறுமியதா என்று, நடந்ததை மட்டும் கேளுங்கள். ஐந்து மாதம் உடன் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட இரண்டு சந்திப்புகளில் தெரியவராது. அவர்கள் வீட்டில் குழந்தைகளோ சிறிய நாய்களோ இல்லையென்றால், அவ்விரண்டைப் பற்றி அவர்கள் சொல்வது ஊகமே. நடைக்கு அழைத்துச் சென்றவர் யார் என்பதையும் விசாரியுங்கள்; திடகாத்திரமான ஒருவர் கையில் ஒழுங்காக நடந்த நாய், உங்கள் மகளின் கையில் அப்படி நடக்காது.

பதில் 2
முதல் சில நாட்களில் தப்பியோடும் வாய்ப்பு அதிகம். நான் தத்தெடுத்த நாய் இரண்டாம் நாளே பின்வாங்கி, கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் காலையில்தான் கிடைத்தது. ஆகவே இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையையும் உடலைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸையும் சேர்த்து அணிவித்து, இரண்டிலும் வார் கோத்து நடத்துங்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம், மூன்று மாதத்தில் உண்மையான இயல்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது விதியல்ல, தோராயக் கணக்கு. பழகிய வாசனை இருக்க, நாய் படுத்துறங்கிய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கி வாருங்கள்.

பதில் 3
மருத்துவக் குறிப்பேட்டை முழுவதும் படியுங்கள். இதயப்புழு (கொசுக்கடியால் பரவி இதயத்தைப் பாதிக்கும் புழு) பரிசோதனை முடிவு நன்றாக இருந்தாலும், தொற்று ஏற்பட்டுச் சுமார் ஆறு மாதம் கழித்தே அது பரிசோதனையில் தெரியவரும் என்பதால், மறுபரிசோதனை செய்ய வேண்டும். மருந்துகளின் அளவு பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. சிறிய நாய்க்கு ஆன செலவை வைத்து இதற்குக் கணக்குப் போடாதீர்கள். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி வராமல் ஓங்கரித்தாலோ, வயிறு புடைத்து நிலைகொள்ளாமல் தவித்தாலோ, நள்ளிரவானாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மயங்கிய நிலையில் 38 கிலோவைத் தூக்க இருவராவது தேவை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைக்கிறது. உணவை மாற்றுவதானால், ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே கேட்டபோது, எலும்பு கொடுத்த இரண்டு முறையும் உறுமியதாகவும், அதட்டியதும் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்கள். இது தத்தெடுப்பைக் கைவிட வேண்டிய காரணமா?

பதில் 1
உறுமியது என் பார்வையில் பெரிய குறையல்ல. அதட்டி நிறுத்தியதுதான் கவலைக்குரியது, ஏனெனில் உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கக்கூடும். ஆனால் ஒன்பது வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை எங்கள் ஊகத்துக்கு விட வேண்டாம்; நாய் நடத்தை அறிந்த பயிற்சியாளர் ஒருவரை அழைத்துச் சென்று நேரில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாய்களையும் முதலில் இருவருக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில் இணையாக நடக்கவிடுங்கள். சில வாரங்கள் தங்கவைத்துப் பார்த்தபின் முடிவு செய்ய அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள். அனுமதித்தால், உணவைத் தனித்தனி அறைகளில் கதவடைத்துக் கொடுங்கள். எலும்புகளையும் பந்துகளையும் அது வருவதற்கு முன்பே எடுத்துவைத்துவிடுங்கள்.