கோஷர் வெள்ளை ஒயின்: முகர்ந்து பார்த்து வாங்கிய அனுபவங்கள்

ரெஹோவோத், இஸ்ரேல்

இந்த ஊரில் வெள்ளிக்கிழமை காலை கோஷர் ஒயின், அதாவது யூத மத விதிப்படி செய்த ஒயின் விற்கும் கடைக்குப் போனால் நிற்க இடமிருக்காது. மதியத்துக்கு மேல் யூதர்களின் ஓய்வுநாளான ஷப்பாத்துக்காகக் கடையைச் சாத்திவிடுவார்கள். அந்த அவசரத்திலும் கடைக்காரர் இரண்டு மூன்று பாட்டில்களைத் திறந்துவைத்து ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பார்.

வந்த புதிதில் எனக்கு ஒயின் என்றால் புளிப்பு, துவர்ப்பு, அவ்வளவுதான். ஒரு நாள் அவர் கெவுர்ஸ்ட்ரமீனர் என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயினை ஊற்றினார். கிளாஸ் மூக்கை நெருங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிப்பார்களே, அதே ரோஜா வாசம். கொஞ்சம் பொறுத்தால் அதன் பின்னாலிருந்து லிச்சிப் பழம் எட்டிப் பார்த்தது. எசென்ஸ் கலந்திருக்கிறார்களா என்றுகூடக் கேட்டேன். எதுவும் கலக்கவில்லையாம். ரோஜாவிலும் லிச்சியிலும் இருக்கும் ரோஸ் ஆக்சைடு என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது என்று இங்கே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் பிறகு விளக்கினார்.

ஆனால் வாயில் வைத்தால் இனிப்பே இல்லை! கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கடித்த மாதிரி ஒரு மெல்லிய கசப்பு. மூக்கு சொல்வதை நம்பி இனிப்பு ஒயின் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். லேபிளில் ‘யாவேஷ்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது. ‘ஹட்சி யாவேஷ்’ என்றால் லேசான இனிப்பு உண்டு. எபிரேய எழுத்து தெரியாவிட்டாலும் இந்த இரண்டு சொற்களையும் வாயால் கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்த கெவுர்ஸ்ட்ரமீனர்கள் பெரும்பாலும் கோலான் மேட்டு நிலத்திலிருந்து வருபவை. 1967 போரில் சிரியாவிடமிருந்து இஸ்ரேல் பிடித்த பகுதி அது. கத்ஸ்ரினில் 1983ல் தொடங்கிய கோலான் ஹைட்ஸ் ஒயினரி அங்கேதான் இருக்கிறது. இந்தத் திராட்சைக்குப் புளிப்பு இயல்பிலேயே குறைவு. சமவெளி வெயிலில் அந்தக் கொஞ்சமும் போய் ஒயின் சொதசொதவென்று ஆகிவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இரவு குளிர்வதால் புளிப்பு தங்குகிறது. அதே ஒயினரி பறித்த கெவுர்ஸ்ட்ரமீனர் பழத்தை உறையவைத்துப் பிழிந்து ‘ஹைட்ஸ்ஒயின்’ என்று ஒன்று செய்கிறது. தேன் மாதிரி இருக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மிடறு போதும்.

இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள். அந்தக் குளிரில் வாசம் எழும்பாது. கால் மணி நேரம் வெளியே வைத்தபின் முகர்ந்து பாருங்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்களேன்.

ஜெருசலேம்

அக்கா, நான் இங்கே ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கேர்கிவர் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் குமரி மாவட்டம். பாட்டியை ‘சவ்தா’ என்றுதான் கூப்பிடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஷப்பாத் விருந்துக்கு மகன் குடும்பம் வந்திருந்தது. திறந்த ஒயின் பாட்டில் மேசையில் இருந்தது, சவ்தாவின் கிளாஸ் காலி. கை நடுக்கத்தில் அவர்களால் ஊற்றிக்கொள்ள முடியாதே என்று நானே எடுத்து ஊற்றினேன். பேச்சு சட்டென்று நின்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் எழுந்துவந்து பாட்டிலையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், வேறொரு பாட்டிலைத் திறந்தார். என்ன தப்பு செய்தேன் என்றே புரியாமல் அன்று ராத்திரி அழுதேன்.

ஷப்பாத் முடிந்ததும் சவ்தாவே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். திராட்சையை நசுக்கும் நேரத்திலிருந்து ஷப்பாத் கடைப்பிடிக்கும் யூதர்கள் மட்டும்தான் ஒயினைக் கையாள வேண்டும். அந்தக் காலத்தில் பிற மதத்தவர் தங்கள் தெய்வங்களுக்கு ஒயினை ஊற்றிப் படைப்பார்கள், அதிலிருந்து வந்த விதி. மூடிய பாட்டிலை நான் தூக்கலாம், கடையிலிருந்து வாங்கியும் வரலாம். திறந்ததை ஊற்றினால் பிறகு அவர்கள் குடிக்க மாட்டார்கள். ஆனால் லேபிளில் ‘மெவுஷால்’ என்றிருந்தால் அது சூடாக்கிய ஒயின். அதை யார் ஊற்றினாலும் கோஷர்தான்.

அடுத்த வாரம் மகனிடம் அவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இனிமேல் மெவுஷால் மட்டும் வாங்கு. எனக்கு இவள்தான் ஊற்ற வேண்டும்.”

அன்றிலிருந்து கடைக்குப் போவது நான்தான். சவ்தாவுக்கு மஸ்கட் என்ற திராட்சையின் ஒயின் பிடிக்கும், லேசான இனிப்போடு. மூடியைத் திறந்தால் மல்லிகையும் சாப்பிடும் திராட்சையும் கலந்த வாசனை வரும். சுவை இப்போது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதனால் கிளாஸை முதலில் மூக்கருகே பிடித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் முகர்வார்கள். குடிப்பது இரண்டு வாய்தான்.

நியூ ஜெர்சி

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய ஓடவில்லை.

நான் கோஷர் ஒயின் நிறைய விற்கும் ஒரு கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். பஸ்கா பண்டிகை இரவில் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் குடிக்க வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் பெட்டி பெட்டியாகப் போகும். மெவுஷால் என்றால் கொதிக்கவைத்துச் செத்துப்போன ஒயின் என்று முகம் சுளிப்பவர்களை அங்கே தினமும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இப்போது அண்டாவில் வைத்துக் காய்ச்சுவதில்லை. 80 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரமே சூடாக்கி உடனே குளிர்வித்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் நாபாவில் ஹாகாஃபென் என்ற ஒயினரி ரீஸ்லிங் திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினும் மெவுஷால்தான். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் என்று அவ்வளவு சுத்தமான வாசம். அதை முகர்ந்து பார்க்காமல் யாரும் மெவுஷாலைக் குறை சொல்லக் கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நீல பாட்டிலில் வரும் பார்த்தெனூரா மொஸ்காட்டோவைக் கொடுப்பேன். ஆல்கஹால் 5 சதவீதம்தான், லேசாக நுரைக்கும்.

என் கையைச் சுட்டது வேறு விஷயம். ஒரு கடையில் மஸ்கட் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஆறு பாட்டில் வாங்கினேன். வருஷத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் திறந்தால் மல்லிகையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசம்தான். ஆறு வருஷப் பழசு! மஸ்கட்டும் கெவுர்ஸ்ட்ரமீனரும் வாங்கினால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். நல்ல ரீஸ்லிங் மட்டும் விதிவிலக்கு. அது வயதாக வயதாக ஒரு மண்ணெண்ணெய் வாசம் பிடிக்கும். ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்களுக்கு உடனே பிடிபடும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், ரீஸ்லிங்கின் குணமே அது. வெயில் அதிகம் பட்ட பழத்தில் சீக்கிரமே வரும்.

யூத நண்பர் வீட்டுக்கு இஸ்ரேல் ஒயின் கொண்டுபோவதென்றால் லேபிளில் 2022 அறுவடையா என்று பாருங்கள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரும் ஷ்மிட்டா ஆண்டு அது. அந்த அறுவடையைச் சில வீடுகளில் தொட மாட்டார்கள். முதலில் கேட்டுவிடுவது மரியாதை.

டொராண்டோ

சைவக்காரர்களுக்காக ஒரு வரி. கோஷர் என்றால் சைவம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்த்தாலும் கோஷர்தான். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் பென்டோனைட் என்ற களிமண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் பாட்டிலில் வீகன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ரெஹோவோத், இஸ்ரேல்

தங்கச்சி, உன் பதிவை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு அம்மாவின் குடும்பம் மொராக்கோவிலிருந்து வந்தது. வெள்ளி இரவு ஹ்ரைமே செய்வார்கள். பூண்டும் மிளகாயும் தக்காளியும் போட்ட காரமான மீன், நம் மீன் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. போன வாரம் அழைத்திருந்தார்கள், கெவுர்ஸ்ட்ரமீனர் கொண்டுபோனேன். வாசம் பொருந்தியது. ஆனால் அதில் 14 சதவீத ஆல்கஹால். காரத்தோடு சேர்ந்து நாக்கை எரித்துவிட்டது. இந்த வாரம் ஆல்கஹால் குறைந்த, ஹட்சி யாவேஷ் ரீஸ்லிங். கடைக்காரரிடம் மெவுஷாலாகக் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு நானே ஊற்ற வேண்டும்.