டவுன் பஸ் வராத ஊருக்கு இலவசப் பயணம் எப்படி?

கண்மாய்க்கரை:
எங்க ஊர் மெயின் ரோட்டு விலக்குல இருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. முன்னாடி காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு டவுன் பஸ் வந்துச்சு. கொரோனாவுக்கு நிறுத்தினது, அதோட சரி. விலக்குல நிக்கிறதெல்லாம் மஃப்சல், அதாவது வெளியூர் போற பஸ். 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு இலவசம்ங்கிறது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். நாங்க ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபா கொடுத்து விலக்குக்கு வந்து, மஃப்சல்லயும் டிக்கெட் எடுக்கிறோம்.

திட்டத்தைக் குறை சொல்ல வரல. டவுன்ல கட்டிக்கொடுத்த என் தங்கச்சி இதுல நல்லா மிச்சம் பிடிக்கிறா. மாநிலத் திட்டக் குழு ஆய்வுல மாசம் சராசரியா 888 ரூபா மிச்சம்னு வந்துச்சே, அதையும் நம்புறேன். ஆனா இத்தனை கோடிப் பயணம்னு சொல்றது பஸ்ஸுல கொடுக்கிற இலவச டிக்கெட்டை எண்ணித்தானே? பஸ்ஸே இல்லாத ஊர்க்காரி எந்தக் கணக்குல வருவா? மனு போட்டா ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு பதில். யார்கிட்ட, எப்படிக் கேட்கிறது?

பழைய கண்டக்டர்:
ஆள் பத்தாத அன்னைக்கு முதல்ல கட் ஆகிறது கிராமத்து நடைதான், அதாவது டிரிப்தான் தாயி. கேட்டா வசூல் இல்லைம்பாங்க. இப்போ மகளிர் டிக்கெட்டுக்கு அரசாங்கமே பணம் கட்டுது, அந்தச் சாக்கு இனிமே செல்லாதுன்னு சொல்லுங்க. நைட் ஹால்ட் கேளுங்க. ராத்திரி வண்டி ஊர்ல தங்கினா காலை முதல் நடை தப்பாது. டிரைவர், கண்டக்டர் படுக்க ரூமும் கக்கூஸும் பஞ்சாயத்து கொடுக்கணும்.

வார்டு மெம்பர்:
‘பஸ் வேண்டும்’னு ஒரு வரித் தீர்மானம் போட்டா ஃபைல்ல தூங்கும். அக்டோபர் 2 கிராம சபையில தடம், கிலோமீட்டர், வேணுங்கிற நேரம், தினமும் போற பிள்ளைங்க, வேலைக்குப் போறவங்க எத்தனை பேர்னு எல்லாத்தையும் எழுதி, கலெக்டருக்கும் பஸ் டிப்போ கிளை மேலாளருக்கும் அனுப்புங்க. பழைய தடத்தை எந்த உத்தரவுல நிறுத்தினாங்கன்னு ஆர்டிஐ போடுங்க. பெரும்பாலும் உத்தரவே இருக்காது, அதுதான் நமக்குப் பிடி.

விதியை இடத்துக்குத் தக்க மாத்த முடியாதுன்னும் இல்ல. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கு இலவசப் பயணத்தை நீட்டிக்கிறதா 2024 பட்ஜெட்ல அறிவிச்சாங்களே. 2025 ஜூன்ல வந்த புது மினி பஸ் திட்டத்துல உங்க தடம் இருக்கான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல பாருங்க.

கண்மாய்க்கரை:
மினி பஸ் தனியார் வண்டி, அதுக்கும் காசுதானே மெம்பர்? தவிர ஒன்பது மணிக்கு வந்தா என் மதினிக்கு உதவாது, மில்லுல ஷிப்ட் ஆறு மணிக்கு. நைட் ஹால்ட்தான் சரிப்படும். அண்ணே, பழைய பால்வாடிக் கட்டடம் சும்மா கிடக்கு. ஆகுமா?

பழைய கண்டக்டர்:
கரண்டு, தண்ணி இருக்கா? ஃபேன் இல்லாம கண்மாய்க்கரைக் கொசுவுல ஒருத்தனும் படுக்கமாட்டான். முதல்ல அதைச் சரிபண்ணிட்டு டிப்போவுக்குப் போங்க.